தம்பிஐயாவின் பங்கு

பண்டத்தரிப்பில் பஞ்சலிங்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்து ஊரார் காணிகளை உழுது கொடுப்பவர். வெங்காயம் கிண்டி எடுக்கிற காலத்தில் அதே இயந்திரத்தின் பின்னால் பெட்டியைப் பூட்டி, மூட்டைகளைச் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றிப் போவார். வயது அறுபதை நெருங்குகிறது. ஆனாலும் ஊரில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை உழவைப் பற்றியது அல்ல, குடியைப் பற்றியது.

ஒரு கலியாண வீட்டுக்கு முதல் நாள், பகல் முழுக்கச் சாராயம் குடித்துவிட்டு, பின்னேரம் பந்தல் கதிரைகளை ஏற்றிக்கொண்டு ஒடுக்கமான ஒழுங்கையால் லான்ட்மாஸ்ரரைக் கொண்டுபோனாராம். இரண்டு பக்கத்துக் கிடுகு வேலியிலும் ஓர் ஓலைகூட அசையவில்லையாம். கூடக் குடித்தவர்கள் அந்த நேரம் மாமரத்தின் கீழ் விழுந்து கிடந்தார்கள். பஞ்சனுக்கு ஒரு போத்தல் என்றால் வாய் கொப்பளிக்கத்தான் காணும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பஞ்சலிங்கம் அந்தப் பேச்சை ஒருபோதும் மறுத்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

மகள் தக்சாயினிக்கு முதலாவது சம்பந்தம் பேசி வந்தபோது மாப்பிள்ளை பகுதியினர் வழக்கம்போல ஊருக்குள் விசாரித்தார்கள். குடும்பம் நல்லது, பிள்ளை தங்கமான பிள்ளை, தகப்பன் மட்டும் கொஞ்சம் பாவிப்பார் என்று சந்தியில் யாரோ சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்று எவரும் வந்து சொல்லவில்லை. வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை, அவ்வளவுதான். அன்று பின்னேரம் மனைவி குணலட்சுமி, விருந்தாளிகளுக்கென்று கழுவித் துடைத்து வைத்திருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கியதைப் பஞ்சலிங்கம் வாசலில் நின்று பார்த்தார்.

மறுநாளிலிருந்து அவர் குடிக்கவில்லை. கோயிலில் நேர்த்தி வைக்கவில்லை, எவருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவுமில்லை. முதல் கிழமை கைநடுக்கத்தால் லான்ட்மாஸ்ரரின் பிடியைப் பிடிக்க முடியாமல் உழவுக்குப் போகாமல் இருந்தார். பிறகு அதுவும் நின்றது. அடுத்த வருடம் வட்டுக்கோட்டையில் தக்சாயினிக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது.

அவர் குடியை விட்டபோது பகிடி பண்ணாத ஒரே ஆள் தம்பிஐயா. பக்கத்துத் தோட்டக்காரர். இருவரும் இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து குடித்தவர்கள். மற்றவர்கள் பஞ்சலிங்கத்தைச் சாமியார் என்று கூப்பிட்டார்கள். தம்பிஐயா கூப்பிடவில்லை. பின்னேரங்களில் தோட்டத்துக் கிணற்றடியில் தன்னுடைய தடித்த அடியுள்ள கிளாசில் தண்ணீர் கலக்காமல் சாராயத்தை வார்த்துக்கொள்வார். சிநேகிதனுக்கு ஒரு சோடாவை உடைத்து நீட்டுவார். ஏழெட்டு வருடம் அது அப்படியே நடந்தது.

இந்த வருடம் தை மாதத்தில் பேத்தி வினோஜாவை முன்பள்ளியில் விடுகிற பேச்சு வந்தது. தக்சாயினிக்குச் சங்கானையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மருமகன் வாகீசன் கிளிநொச்சியில் வேலை செய்துவிட்டுக் கிழமை முடிவில் வருவான். பகலில் பிள்ளை அம்மப்பா வீட்டில் நிற்பது, பண்டத்தரிப்பில் உள்ள முன்பள்ளிக்குப் போவது என்று முடிவானது. கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் யார் என்ற கேள்விக்குத் தக்சாயினி உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு தொலைபேசியில் தாயிடம், அப்பாவே கொண்டுபோகட்டும் என்றாள்.

குணலட்சுமி அதைச் சொன்னபோது பஞ்சலிங்கம் சும்மா தலையாட்டினார். அன்றைக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரும்பு ஒட்டுவேலை செய்பவரிடம் போய், சைக்கிள் பாரில் பூட்டுவதற்கு ஒரு சின்ன இருக்கை செய்வித்தார். பிள்ளையின் கால் சில்லுக்குள் போகாமல் இரண்டு பக்கமும் தகட்டில் கால்தாங்கி. பிடிக்கிற கம்பிக்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றினார். பாரம் தாங்குமா என்று பார்க்க ஒரு பெரிய பூசணிக்காயை அதில் வைத்துக் கட்டி, ஒழுங்கையின் மேடு பள்ளமெல்லாம் ஓடிப் பார்த்தார்.

"பூசணிக்காயையும் முன்பள்ளியிலை சேர்க்கப்போறியளோ?" என்று குணலட்சுமி படலையில் நின்று கேட்டாள்.

"அது அழாமல் வந்தது. உன்ரை பேத்தி என்ன செய்யுதோ தெரியாது" என்றார்.

அடுத்த கிழமை தம்பிஐயா செத்துப்போனார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவர் வரம்பில் குந்தினார், பிறகு எழும்பவில்லை. எட்டுச் செலவு ஒரு சனிக்கிழமையில் வந்தது. திங்கட்கிழமை முன்பள்ளி தொடங்குகிறது.

எட்டுச் செலவன்று செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். தம்பிஐயாவின் வீட்டில் வாழையிலையில் நண்டுக்கறியும் கோழிக்கறியும் புட்டும் வைத்தார்கள். ஒரு சுருட்டு வைத்தார்கள். அவருடைய தடித்த அடியுள்ள கிளாசில் சாராயத்தை விளிம்புவரை வார்த்து வைத்தார்கள். கற்பூரம் கொளுத்திவிட்டு, அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். படைத்து முடியும்வரை ஒன்றும் வாயில் வைப்பதில்லை என்பதால் பஞ்சலிங்கம் காலையிலிருந்து ஒரு தேத்தண்ணீரோடு இருந்தார்.

கதவைத் திறந்து படைத்ததைப் பகிர்ந்தபோது, கனடாவிலிருந்து வந்திருந்த மகன் கஜீவன் அந்தக் கிளாசை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே பஞ்சலிங்கத்திடம் வந்தான்.

"மாமா, இது அப்பாவின்ரை பங்கு. வேறை ஆருக்கும் குடுக்க எனக்கு மனமில்லை."

தம்பிஐயாவின் மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சலிங்கம் கிளாசைப் பார்த்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு இதைத் தொடுவது சரியா பிழையா என்பதைத்தான் யோசித்தார். தன்னால் தாங்க முடியுமா என்று யோசிக்கவில்லை. ஒரு கிளாஸ்தானே என்று நினைத்தார். அந்தக் கணக்கு ஏழெட்டு வருடத்துக்கு முந்திய பஞ்சலிங்கத்தின் கணக்கு. வாங்கி, தம்பிஐயா குடிப்பதுபோலவே, தண்ணீர் கலக்காமல் இரண்டு மிடறில் குடித்து, கிளாசைக் கவிழ்த்துக் கஜீவனின் கையில் கொடுத்தார்.

கிணற்றடியில் ஆண்கள் கதிரை போட்டு இருந்தார்கள். ஓட்டோ வைத்திருக்கும் ஜஸ்ரினும் அங்கே இருந்தான். அவன் நாலாவது கிளாசில் நின்றான். எப்போதும்போல முகம் மாறாமல், மற்றவர்களின் கதையைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான். பஞ்சலிங்கம் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். முதலில் காது இரண்டும் சூடாயின. அது பழைய சூடு, சுகமாகத்தான் இருந்தது. தம்பிஐயாவைப் பற்றி ஒரு கதை சொல்லத் தொடங்கினார். நடுவில் கதை எங்கே போகிறது என்பது மறந்துவிட்டது. சாப்பிடலாம் என்று எழும்பினார். ஊன்றிய கை கதிரையின் பிடியைத் தவறவிட்டது. கதிரையோடு பக்கவாட்டில் சரிந்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உவர் எவ்வளவு எடுத்தவர் என்று ஒருவர் கேட்டார். பஞ்சன் விழுகிறதென்றால் ஒரு போத்தல் தாண்டியிருக்கும் என்றார் இன்னொருவர். அப்ப இவ்வளவு காலமும் ஒளிச்சு ஒளிச்சு அடிச்சிருக்கிறார் என்று மூன்றாவது ஆள் சொல்லச் சிரிப்பு எழுந்தது. பஞ்சலிங்கத்துக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஒரு கிளாஸ் என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு தடித்துப்போய்க் கிடந்தது. வந்த சத்தத்துக்கு இன்னும் சிரித்தார்கள்.

ஜஸ்ரின் அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் தாங்கி ஓட்டோவில் ஏற்றினான். ஓட்டோ ஒழுங்கைக்குள்ளால் ஒரே சீராகப் போனது. பின்னால் சரிந்து கிடந்த பஞ்சலிங்கம் இரண்டு பக்கத்து வேலியும் ஒரே அளவு தூரத்தில் போவதைக் கண்டார்.

அவருடைய வீட்டுப் படலையில் ஓட்டோ நின்றபோது, முற்றத்தில் தக்சாயினியின் ஸ்கூட்டர் நின்றது. பிள்ளைக்கு வாங்கிய புதுப் புத்தகப் பையை அம்மப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று வினோஜா அடம்பிடித்ததால் வந்திருந்தார்கள். ஜஸ்ரின் அவரை இறக்கி, நிற்கிறார் என்று நினைத்துக் கையை எடுத்தான். அதே நேரம் பிள்ளை பையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடி வந்தது.

வராதே என்று சொல்லத்தான் நினைத்தார். கைகள் பழக்கத்தில் தாமாக நீண்டன. பிள்ளை வழக்கம்போலத் தாவிக் கழுத்தைப் பிடித்தது. ஒரு கணம் தூக்கிவிட்டார். பிறகு முழங்கால் மடிந்து பிள்ளையோடு நிலத்தில் விழுந்தார். கடைசி நேரத்தில் பிள்ளையின் தலைக்குக் கீழே தன் கையைக் கொடுக்க நினைத்ததும், அந்தக் கை வந்து சேராததும் அவருக்கு நல்ல நினைவு. பை முதுகில் இருந்ததால் தலை அடிபடவில்லை. முழங்கை உரசிக் கொஞ்சம் இரத்தம் வந்தது.

தக்சாயினி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள். தகப்பனைத் தூக்கவில்லை. ஜஸ்ரினைப் பார்த்து, கொண்டுவந்து விட்டதற்கு நன்றி அண்ணை என்றாள். பிள்ளை அழுகைக்கு நடுவில், அம்மப்பா ஏன் எழும்பாமல் கிடக்கிறார் என்று கேட்டுக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறியது.

ஞாயிறு காலை ஜஸ்ரின் தானாக வந்தான். தக்சாயினியும் வந்திருந்தாள். அண்ணை எடுத்தது ஒரேயொரு கிளாஸ், தன் கண்ணால் கண்டது என்று அவன் சொன்னான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். குடித்தவருக்காகக் கூட இருந்தவர்கள் இப்படிச் சொல்வதை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அவன் ஓட்டோவைத் துடைக்க வெளியே போன பிறகு தகப்பனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"தம்பிஐயாவின்ரை பங்கு பிள்ளை. மறுக்க ஏலாமல் போச்சுது. சத்தியமா ஒரு கிளாஸ்தான் எடுத்தனான்" என்றார் பஞ்சலிங்கம்.

"அப்பா, முந்தி ஒரு போத்தலுக்கும் அசையாத ஆள் எண்டு ஊரே சொல்லுது. அப்ப நேற்று ஒரு கிளாஸ் எண்டது பொய்யெண்டால், நீங்கள் திருப்பித் துடங்கியிட்டியள்."

"பொய்யில்லைப் பிள்ளை."

"உண்மையெண்டே வைப்பம். ஒரு கிளாசுக்கே பிள்ளையோடை விழுந்திருக்கிறியள். நாளைக்கு இன்னொரு செத்தவீடு வரும், இன்னொரு ஆள் கிளாசைக் கொண்டுவந்து நீட்டுவார். நான் எதை நம்பவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். குணலட்சுமி குசினி வாசலில் நின்றாள். அவள் அவரை நம்பினாள், அது முகத்தில் தெரிந்தது. மகள் சொன்னதில் பிழை இல்லை என்பதும் அதே முகத்தில் தெரிந்தது.

பிள்ளையை ஜஸ்ரினின் ஓட்டோவில் விடுவதாகத் தக்சாயினி சொன்னாள். நிதானமான மனுசன், ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றாள். பஞ்சலிங்கத்துக்கு அடக்க முடியவில்லை.

"உவன் நேற்று நாலு கிளாஸ் எடுத்தவன்."

"நாலு எடுத்துப்போட்டுத்தான் உங்களைத் தாங்கிக்கொண்டு வந்தவரோ?" என்றாள் தக்சாயினி. குரலை உயர்த்தவில்லை.

வெளியே ஓட்டோவைத் துடைக்கிற சத்தம் கேட்டது. தன்னைத் தூக்கி வந்தவனைப் பற்றிச் சொல்லிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சொன்னது உண்மை என்பதால் வெட்கம் குறையவில்லை.

திங்கள் காலை தக்சாயினி பிள்ளையை இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். சற்று நேரத்தில் ஜஸ்ரினின் ஓட்டோ வந்தது. முழுகித் தலை வாரியிருந்தான். பிள்ளையின் பையை வைக்கிற சாட்டில் பஞ்சலிங்கம் அவனுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். பற்பசை மணம் மட்டும் வந்தது. ஜஸ்ரினுக்கு விளங்கிவிட்டது.

"காலமையிலை நான் தொடுறேல்லை, பஞ்சண்ணை" என்று மெல்லச் சொன்னான். "வேணுமெண்டால் ஒவ்வொரு நாளும் பாருங்கோ."

பள்ளி விடுகிற மத்தியானத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சலிங்கம் கேட்கவுமில்லை. கேட்கிற இடத்தில் தான் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அம்மப்பா, என்ரை சீற்றிலை போகேல்லையோ?" என்றது பிள்ளை, முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைச் சுரண்டியபடி.

"இண்டைக்கு ஓட்டோவிலை போங்கோ பிள்ளை."

"நாளைக்கு?"

அவர் ஓட்டோவின் பக்கத்து மறைப்பை இழுத்துக் கொளுவினார். அது முன்னமே கொளுவித்தான் இருந்தது.

ஓட்டோ புறப்பட்டதும் மாமரத்தடியில் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அன்றைக்கு உழுவதற்கு ஒரு காணி இருந்தது. காணிக்காரர் காத்திருப்பார் என்பதும் தெரியும். ஒழுங்கையின் ஒவ்வொரு பள்ளத்திலும் வெறும் இருக்கையின் கால்தாங்கி கடகடத்தது. பூசணிக்காய் இருந்தபோது அது அப்படிச் சத்தம் போடவில்லை. ஓட்டோ வேலிகளுக்கு நடுவால் ஒரே சீராகப் போனது. முன்பள்ளி வாசலில் ஜஸ்ரின் இறங்கி, பிள்ளையைப் பக்குவமாகத் தூக்கி நிலத்தில் விட்டான். பிறகு தெருவைப் பார்த்தான். மதகடியில் ஒற்றைக்காலை ஊன்றிச் சைக்கிளோடு நின்ற பஞ்சலிங்கத்தைக் கண்டான். கை காட்டவில்லை. பிள்ளை உள்ளே போகும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பஞ்சலிங்கம் மத்தியானம் எத்தனை மணிக்குப் பள்ளி விடும் என்று வாசலில் நின்ற ஒரு தாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சைக்கிளைத் திருப்பினார்.