இரண்டாவது ஊர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் கடலூரில் பிரசவ வார்டு டாக்டராக இருந்தேன். நர்ஸுகளும் கம்பவுண்டர்களும் நோய்ப் பெயர்களைத் தமிழில் ஒரே மாதிரி எழுதவேண்டும் என்று அப்போது ஒரு கமிட்டி போட்டார்கள். சிதம்பரத்தில் கூடும். அதில் ஒரே பெண் நான். வாய் ஜாஸ்தி என்று பெயரும் எடுத்திருந்தேன்.

புதுப்பெயர் சேர்ப்பதற்கு விதிகள் கறாரானவை. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் எந்தப் பெயரிலும் அந்த நோய் அடங்கக்கூடாது. டாக்டர் நேரில் பார்த்த நோயாளி இரண்டு ஊர்களிலாவது இருக்கவேண்டும்.

நான் கேட்டது 'பிரசவ மனச்சோர்வு'. பெற்றவள் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பேய் என்று வேப்பிலை அடிப்பார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அப்படி ஒருத்தியை உடம்பெல்லாம் தடிப்போடு கொண்டுவந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஒரு ஊருதானே ஆச்சு, டாக்டரம்மா?" என்றார் தலைவர். "இன்னொண்ணு இல்லேன்னா தள்ளிட வேண்டியதுதான்."

இன்னொன்று இருந்தது. அதே சிதம்பரத்தில், கூப்பிடு தூரத்தில், வடக்கு வீதியில், என் தங்கை. என் வார்டில் பிள்ளை பெற்றுப் புகுந்த வீடு போனவள். அவளுக்கும் இதே நோய்தான். காய்ச்சலில் உடம்பு தேறவில்லை என்று சொல்லச் சொல்லி நான்தான் பழக்கியிருந்தேன். "தெரிஞ்சா அவுங்க என்னைத் தொரத்திடுவாங்கக்கா" என்று அழுதிருந்தாள்.

தோற்றுப்போக எனக்குத் தெரியாது. "இதே ஊர்ல, வடக்கு வீதியில ஒரு பொண்ணு. நானே பிரசவம் பாத்தேன்" என்றேன். பெயர் சொல்லவில்லையே என்று மனசுக்குச் சமாதானம் வேறு. எதிரே இருந்தவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வீடும் அந்த வீதிதான்.

நோயின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. ரயிலில் திரும்பும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சேதி எட்டி, அந்த வாரமே தங்கையை அவள் புகுந்த வீட்டார் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பைத்தியத்திடம் பிள்ளையை விடமாட்டார்களாம். கெஞ்சினேன், சண்டை போட்டேன். குழந்தையைத் தரவில்லை.

மாதங்கள் கழித்து அவள் தேறினாள். சாப்பிட்டாள், தானே தலை வாரிக்கொண்டாள். அச்சான பட்டியல் தபாலில் வந்தபோது தன் நோயின் பெயரைத் தேடிப் படித்தாள்.

"அப்போ இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. வந்து போற நோவுதானேக்கா?"

"ஆமாம்மா."

"இதைக் காட்டி எம் புள்ளைய வாங்கிட்டு வா."

போனேன். அவள் மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "மனசு சரியில்லன்னு நாங்களா சொல்லல, பாத்தீங்களா? நீங்களே அச்சுல போட்டுட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது.

வீடு பூட்டியிருந்தது என்று தங்கையிடம் சொன்னேன்.