இயேசப்பா, நீங்க உள்ளதான இருக்கீக?

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கேட்டு, நீங்களும் எங்களோடு சேர்ந்து அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

நாங்கள் காரைக்குடியில் இருக்கிறோம். என் கணவர் கல்யாண வீடுகளுக்கு சீரியல் பல்பும் மைக் செட்டும் போடுகிறவர். மூத்தவன் சாமுவேல், குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டால் குட்டிப் போதகர் மாதிரி வெளுத்து வாங்குவான். சின்னவள் ஜெனி, இரண்டாம் வகுப்பு. அவள் மட்டும் வாயே திறக்க மாட்டாள். "ஒரே ஒரு வரி சொல்லுத்தா" என்று கெஞ்சினாலும், என் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. ஞாயிறு பள்ளி டீச்சரும், "அக்கா, மத்தப் பாட்டெல்லாம் பாடுறா, ஜெபம்னா மட்டும் ஓடிருறா" என்றார். என் அம்மா எனக்குக் கொடுத்த விசுவாசம் என்னோடு நின்றுவிடுமோ என்று பயந்தேன். சோறு ஊட்டலாம், விசுவாசத்தை எப்படி ஊட்டுவது? அடுப்படியில் நின்று பல நாள் அழுதிருக்கிறேன். "ஆண்டவரே, இவள் உம்மை அறியணும், அது போதும்" என்பதுதான் என் ஜெபம்.

போன வருஷம் நவம்பரில் கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வேலைக்கு வரும் பையன் வராததால் ஒத்தாசைக்கு நானும் போனேன். சனிக்கிழமை என்பதால் ஜெனியும் கூட வந்தாள்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளையைக் காணோம்.

முதலில் கோபம்தான் வந்தது. முன்கட்டு, பின்கட்டு இரண்டும் தேடினேன், மாடி ஏறிப் பார்த்தேன். பிறகு கோபம் போய், அவள் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தேன். வாசலில் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் நான் கூப்பிடுவது எனக்கே கேட்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செல்லையா அண்ணன் ஓடிவந்தார். "பின்கட்டுலதான் வெளாண்டுக்கிட்டு இருந்துச்சு. ஊருணிப் பக்கம் பாத்தீகளா தங்கச்சி?" என்றார்.

ஊருணி என்றதும் என் உயிர் என்னிடம் இல்லை. அந்த வருஷ மழையில் அந்தக் குளம் படி மூழ்க நிறைந்திருந்தது. பின்வாசல் வழியாக ஓடிப்போய், தண்ணீருக்கு மேலே தெரிந்த படியில் நின்றேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. எத்தனையோ உபவாச ஜெபங்களில் மணிக்கணக்காக ஜெபித்தவள் நான், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "எம்புள்ளயக் குடுத்துருங்க ஆண்டவரே, எம்புள்ளயக் குடுத்துருங்க." அவ்வளவுதான் வந்தது.

என் கணவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேட ஓடினார். நான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட, வீட்டை ஒட்டிய சந்து வழியாகத் திரும்பி வந்தேன். பாதிச் சந்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. டீசல் தீர்ந்துவிட்டதாம். வேலைக்கு வந்ததும் முதலில் டேங்கைத்தான் நிரப்புவார் என் கணவர். அன்றைக்கு மட்டும் மறந்திருக்கிறார்.

அந்த அமைதியில், என் தலைக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இயேசப்பா, இங்குட்டு இருட்டா இருக்கு. நீங்க உள்ளதான இருக்கீக? அம்மா அங்குட்டே தேடிக்கிட்டு இருக்கும். கொஞ்சம் இங்குட்டு கூட்டிட்டு வாரீகளா?"

என் ஜெனிதான். பாத்திர அறையில் பெரிய அண்டாக்களை வேடிக்கை பார்க்க நுழைந்திருக்கிறாள். அது தெரியாமல் செல்லையா அண்ணன் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். உள்ளே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஓர் அண்டாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர்க்கோடு காய்ந்திருந்தது. "வந்துட்டியாம்மா? இப்பத்தான் சொன்னேன்" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையில் செல்லையா அண்ணனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மூன்று பேரும் வண்டியில் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "இவ்வளவு அழகா ஜெபம் பண்றியே, வீட்ல ஏன்த்தா பண்ண மாட்டேங்குற?"

"அப்பா தேவரீர், தேவரீர்னு வேற யார்கிட்டயோ பேசுறாக. முக்குக் கடைத் தேவர் ஐயாவத்தான் கூப்புடுறாகன்னு நெனச்சேன். எனக்கு அவரத் தெரியாதுல்ல. நான் படுத்துக்கிட்டு இயேசப்பாகிட்டத்தான் பேசுவேன்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் கணவர் சிரித்தார். சிரித்தவர் அப்படியே அழுதுவிட்டார். நாங்கள் எதைக் கொடுக்கவில்லை என்று வருந்தினோமோ, அதைப் பிள்ளை எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தாள். என் நெஞ்சிலிருந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

அன்று குடும்ப ஜெபத்தில் அவர் வழக்கம்போல, "அன்பின் பரலோகப் பிதாவே, தேவரீர்..." என்று ஆரம்பித்தார். ஜெனி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் நிறுத்திவிட்டார். மறுபடி ஆரம்பித்து, "ஆண்டவரே, எங்க புள்ளய எங்ககிட்டத் திருப்பிக் குடுத்தீக" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மீதி ஜெபத்தை ஜெனிதான் முடித்தாள்.

தேவரீர் என்பது தப்பு வார்த்தை இல்லை. சபையில் இன்றும் அப்படித்தான் ஜெபிக்கிறோம். ஆனால் வீட்டில் எங்கள் பேச்சிலேயே பேசுகிறோம். பிள்ளை வாய் திறக்கவில்லையே என்று கலங்குகிற தாய்மாரே, பயப்படாதீர்கள். நீங்கள் விதைத்தது வீண்போகவில்லை. இன்றைக்குப் பாயை விரித்து உட்காரும்போது, அவர் வீட்டுக்கு வந்திருக்கிற மாதிரி, "இருக்கீகளா?" என்று கேட்டு ஆரம்பியுங்கள். பூட்டிய அறைக்குள்ளேயே என் பிள்ளையோடு இருந்தவர், உங்கள் வீட்டிலும் இருக்கிறார்.