கழுத்து மருவும் கால் பெடலும்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் மத்திகிரியில் தகர ஷெட் போட்டேன், தகடு வெட்டும் பிரஸ் மெஷின் வாங்கினேன், மாடி வீடும் கட்டினேன். காலர் உரசி ரத்தம் கசிந்த கழுத்து மருவைக் கரண்டால் சுட்டெடுக்க, ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் குப்புறப் படுத்தேன். டாக்டர் மரு சுடும் மெஷினின் பெடலை மிதித்தார். மெஷின் வேலை செய்யவில்லை.

“பெரியவரே, பெங்களூர்ல இருந்து ஆள் வரணும். அடுத்த வாரம் வாங்க.”

“அதுவரைக்கும் ரத்தம் தொடச்சிட்டு இருக்கவா? பிளக்கைப் புடுங்கிட்டு அந்தப் பெடலை இப்படிக் குடுங்க சார்.”

பச்சை கவுனோடு தரையில் உட்கார்ந்து கழற்றினேன். என் பிரஸ் பெடலில் நேர்வது போலவே உள்ளே கரண்ட் தொடும் பாயிண்ட் கருத்திருந்தது. பிளேடால் சுரண்டி மாட்டிவிட்டு மறுபடி படுத்தேன். கொஞ்சம் கருகல் வாசம், மரு போயே போச்சு.

ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டில் ஆபரேஷன் செய்தவர் என்று டாக்டர் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயரையும் அதில் எழுதித்தான் ஆக வேண்டும்.