கடல் இல்லாத ஊரில் ஒரு சூறாவளி

எங்கள் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா ஜாதகத்தைப் பார்த்ததைவிட என் பள்ளிக்கூட அட்லஸைத்தான் அதிகம் பார்த்தார். வந்த வரன்கள் இரண்டுமே அமெரிக்கா. ஒருவருக்கு வேலை ஃபுளோரிடாவில். அதன் மூன்று பக்கமும் நீலமாக இருந்ததைக் கண்டதுமே அப்பா அந்த ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டார். இன்னொருவருக்கு ஒக்லஹோமா. அப்பா விரலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்து பார்த்தார். எந்தக் கடலும் எட்டாத ஊர், புயல் பயமே கிடையாது, பேசி முடித்துவிடலாம் என்றார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையில் பிறந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய பொருத்தம் வேறு இல்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வயது வித்தியாசம் அதிகம். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அத்தையைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அப்பாதான். ஒரு ஐப்பசியில் ஆற்றங்கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையனான அப்பா, கைக்குழந்தையான அத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அரிசி ஆலையின் மாடிக்கு ஏறிவிட்டாராம். எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லாமல் எந்த மழைக்காலமும் தொடங்கியதில்லை. கதை முடிவில் எப்போதும் ஒரு பாடம் உண்டு: வானம் இருட்டினால் மேலே ஏறு, பள்ளத்தில் மட்டும் கால் வைக்காதே. அத்தைக்கு அது வேதவாக்கு. அண்ணன் சொன்னால் அவருக்கு மறுபேச்சே கிடையாது.

அம்மா விஷயத்தில்தான் அத்தைக்கு மறுபேச்சு நிறைய இருந்தது. அம்மாவின் ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்பும் தேங்காய்மட்டையுமாக வளர்ந்தவள். மூன்று போகம் விளைந்த மண்ணில் பிறந்ததாகப் பெருமை பேசும் எங்கள் அத்தை, அம்மாவுக்கு 'மட்டை ஊர் அண்ணி' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் விளையாட்டு என்று சொல்லிச் சொல்லியே சில வார்த்தைகள் உள்ளே போய் உட்கார்ந்துவிடும் அல்லவா? கல்யாணமாகிப் போன பிறகும் அத்தை போன் செய்தால், எடுத்தது அம்மாவாக இருந்தால், நல்லா இருக்கீங்களா அண்ணி, அண்ணாகிட்ட குடுங்க என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அம்மாவும் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் போனை நீட்டிவிடுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்கள் போனில் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அது கோடை விடுமுறை. ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். விடிந்தும் விடியாத நேரம். அப்பா கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். அத்தையிடமிருந்து போன் வந்தது. அவர்களுக்கு அது சாயங்காலம். வெளிநாட்டு அழைப்பு என்றால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, அக்கரை வயலில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில்தான் பேசுவார். அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அண்ணா, இங்க சூறாவளி வருதாம். சைரன் ஊதுறாங்க. அவரு வேற வேலையா வெளியூரு போயிருக்காரு."

அப்பா கொஞ்சமும் பதறவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாக விசாரித்தார். எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், கரையைக் கடக்க எத்தனை நாள் ஆகும், மெழுகுவர்த்தி இருக்கிறதா, தண்ணீர் பிடித்து வைத்தாயா என்று வரிசையாகக் கேட்டார். எங்களுக்குச் சூறாவளி என்றால் அதுதான். கடலில் பிறக்கும், பேர் வைப்பார்கள், நாலு நாள் ரேடியோ கதை சொல்லும், பிறகு வரும். தவலையில் தண்ணீர் நிரப்பி, மாட்டை மேட்டில் கட்டி, அரிசியைப் பரணில் ஏற்ற அவகாசம் கிடைக்கும். அமெரிக்காவில் வரும் டொர்னாடோவுக்குத் தமிழில் அத்தைக்கும் வேறு வார்த்தை தெரியவில்லை. அந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு வேறு காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் இல்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று டிவியில் சொல்கிறார்கள் என்றார் அத்தை. கடல் இல்லாத ஊருக்குச் சூறாவளி எப்படி வரும் என்று அப்பா கேட்டார். அட்லஸில் பார்த்துத்தானே கொடுத்தேன் என்கிற வருத்தம் அந்தக் குரலிலேயே இருந்தது.

ஸ்பீக்கர் வழியாக சைரனும் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அப்பாவின் முகம் மாறியது. "புள்ளைய தூக்கிக்கிட்டு மாடிக்குப் போம்மா," என்றார். அத்தையின் வீடு மாடி வீடு. குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். படியேறுகிற சத்தம் கேட்டது, அத்தைக்கு மூச்சு வாங்குவதும் கேட்டது. உடனே கீழே யாரோ கதவை இடித்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் மனைவியும் என்றார் அத்தை. அவர்கள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில், தரைக்குக் கீழே இரும்பு மூடி போட்ட குழி ஒன்று இருக்கிறதாம். உடனே வரச் சொல்லிக் கத்துகிறார்களாம்.

குழி என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா போனை வாயருகே கொண்டுபோனார். "எறங்காத. தண்ணி ரொம்பிச்சுன்னா மூடியத் தொறக்க முடியாது. நீ மேலயே இரு," என்று கத்தினார். அந்தப் பக்கம் அத்தை அழுதார். கீழே கதவு இடிபட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாதவர் மாடிப்படியின் உச்சியில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா, தவிடு ஒட்டிய கையோடு வந்து அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். வாங்கினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிடுங்கினாள்.

"தண்ணியா, காத்தா?" என்று கேட்டாள்.

"காத்துதான் அண்ணி. தண்ணியே இல்ல."

"அப்ப எறங்கு. எங்க ஊர்ல காத்தடிச்சப்ப மட்டை ஊறப்போடுற குழி காஞ்சு கெடந்துச்சு, அதுலதான் நாங்க அத்தன பேரும் படுத்துக் கெடந்தோம். மேல இருந்த ஓடெல்லாம் பறந்துச்சு, எங்களுக்கு ஒண்ணும் ஆவல. அந்தப் பெரியவங்க கூப்புடுறாங்கல்ல, புள்ளைய மாரோட அணைச்சுக்கிட்டு ஓடு."

அப்பா போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு நெல் அரைக்கும் மெஷினுக்குள் காதை வைத்தது போல் ஓர் இரைச்சல். லைன் அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். போகவில்லை. அப்பா கிணற்றடிக் கல்லில் போய் உட்கார்ந்தார். அம்மா அடுப்படிக்குப் போய், பற்ற வைக்காத அடுப்பின் முன்னால் நின்றாள். எல்லோர் முன்னாலும் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள், அப்பாவுக்குக் கோபம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்தக் குழியில் அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், ஆயுசு பூராவும் அம்மா அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடந்திருப்பாள் என்றெல்லாம் யோசிக்கிற வயதா அது?

கடல் இல்லாத ஊருக்குச் சூறாவளி எப்படி வரும் என்று அன்றைக்கு அப்பா கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போது பதில் தெரியும். கல்லூரியில் புவியியல் எடுத்ததே அந்தக் காலைப்பொழுதால்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் நடுவிலிருக்கும் அந்தச் சமவெளி நம் தஞ்சாவூர் மாதிரியே மேடுபள்ளம் இல்லாமல் கிடக்கிறது. தெற்கே இருக்கும் வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக்காற்று அங்கே ஏறி வரும். மேற்கே பெரிய மலைகளைத் தாண்டி வறண்ட குளிர்காற்று அதன் மேல் வந்து கவியும். குறுக்கே தடுக்க ஒன்றும் இல்லை. தரையருகே காற்று ஒரு பக்கமும், உயரத்தில் இன்னும் வேகமாக வேறொரு பக்கமும் வீசுவதால், நடுவிலிருக்கும் காற்று பாயைச் சுருட்டுவது போல் படுத்தவாக்கில் சுருளும். மேலே எழும்பும் வெப்பக்காற்று அந்தச் சுருட்டிய பாயைத் தூக்கி நிமிர்த்திவிடும். அப்படி நிமிர்ந்தவற்றில் சிலதான் தரையைத் தொடும். தொட்டதன் வழியில் எதுவும் மிஞ்சாது.

கனடாவின் கோதுமை நிலங்களிலும், அர்ஜென்டினாவின் புல்வெளிகளிலும், ஐரோப்பாவின் சில சமவெளிகளிலும் இது உண்டு. நமக்குப் பக்கத்திலேயே வங்கதேசத்தில் சித்திரை மாதத்தில் வரும். வங்காள விரிகுடாவின் ஈரமும் வடமேற்கின் வறண்ட காற்றும் அங்கே முட்டிக்கொள்கின்றன. நம் டெல்டாவிலும் வெயிலும் ஈரமும் சமதரையும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அந்தக் குளிர்காற்று மட்டும் இவ்வளவு தெற்கே வந்து சேர்வதில்லை. உயரத்துக்கு உயரம் காற்று அவ்வளவு முரண்டு பிடிப்பதும் இல்லை. புயல் வருகிறது, வெள்ளம் வருகிறது, எல்லாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகின்றன. அந்த மட்டுக்கும் நம் ஊர் வானத்துக்கு நான் நன்றி சொல்லிக்கொள்வேன்.

வெயில் ஏறிய பிறகு போன் வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவியின் போன். அப்பா கிணற்றடியிலிருந்து ஓடி வருவதற்குள் பச்சைப் பட்டனை நான்தான் அமுக்கினேன். அப்பா போனை வாங்கி, 'அம்மா, அம்மா' என்று தங்கையைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அத்தை, தனக்கும் குழந்தைக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று முதலில் சொன்னார். அதற்கு அடுத்ததாக, இத்தனை வருடத்தில் நாங்கள் கேட்டறியாத ஒன்றைச் சொன்னார்.

"அண்ணிகிட்ட குடுங்கண்ணா."

குழியில் கிழவரும் கிழவியும் அத்தைக்கும் குழந்தைக்கும் மேலே கவிழ்ந்துகொண்டு படுத்திருந்தார்களாம். மூடியைத் திறந்து வெளியே வந்தால், அத்தை வீட்டில் மாடி இல்லை. மாடிப்படி மட்டும் நின்றிருக்கிறது, ஏறினால் ஆகாயம். எந்தப் படியில் நின்று அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தோமோ அந்தப் படி என்று இரண்டு தடவை சொன்னார் அத்தை. பால் கிடைக்குமா, குழந்தைக்கு மாற்றுத்துணி இருக்கிறதா என்று மட்டும் அம்மா விசாரித்தாள். கடைசியில் அத்தை மட்டை ஊர் அண்ணி என்று கூப்பிட்டார். அம்மா சிரித்தாள். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நடந்ததுதான் எனக்குப் பெரிய குழப்பம். எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா உட்காருவாள். யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை, நடந்துகொண்டிருந்தது. அன்று அப்பா கொல்லைக்குப் போய் ஒரே ஓர் இலை அறுத்துக்கொண்டு வந்து போட்டார். அம்மாவைப் பார்த்து, "நீ ஒக்காரு," என்றார். அம்மா, என்னங்க இது என்று தயங்கினாள். அப்பா கரண்டியை வாங்கி, சோற்றை மலையாகக் கொட்டி, குழம்பை இலைக்கு வெளியே பாதியும் உள்ளே பாதியுமாக ஊற்றினார். பரிமாறத் தெரிந்தால்தானே! அம்மா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். அப்பா பக்கத்தில் பசியோடு உட்கார்ந்து, அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அத்தை பேசியபோது போனை நான்தான் எடுத்தேன். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். அப்பாவுக்கு வயிறு சரியில்லை, சாப்பாட்டையெல்லாம் அம்மாவுக்கே போட்டுவிட்டார், இன்றைக்கும் அப்படித்தான் என்று வருத்தத்தோடு புகார் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சை இழுத்து இழுத்து விடுவது போல, விட்டு விட்டு ஏதோ இரைந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அத்தை, காத்து சத்தம் கேக்குது," என்றேன். "சீக்கிரம் குழிக்குள்ள எறங்கிடுங்க."