வேப்பிலை செருகிய வாசல்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்பேன். உடனே, "அதுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்பார்கள். மருந்து எப்போதோ வந்துவிட்டது. நோய் மருந்துக்குக் கட்டுப்பட்டு, ரத்தத்தில் புற்றே இல்லை என்றான பிறகும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஏன் சாகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. இவ்வளவையும் சொன்னால் எதிராளி முகம் போகும் போக்கைப் பார்க்கச் சகிக்காது. அதனால் சொல்வதில்லை.

கெடார் பக்கத்துச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஆறு வயது, ஓயாத வாய். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதங்கள் முடிந்து, வீட்டிலிருந்தபடி தினமும் மாத்திரை சாப்பிடும் கட்டத்துக்கு வந்திருந்தாள். அவள் அம்மா மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவள். மாத்திரை விஷயத்தில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தோம். ஒருமுறை உடம்பு லேசாகச் சுட்டதற்கே பால் வண்டியில் ஏறி வந்து நின்றாள். மற்ற அம்மாக்களிடம் அவளைக் காட்டி, "இவங்கள மாதிரி இருங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டிய நாளில் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, திண்டிவனத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். வீட்டில் யாருக்கோ அம்மை என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றப் பிள்ளைகளுக்கென்றால் பெரும்பாலும் கொப்புளம் போட்டு, காய்ந்து, உதிர்ந்துவிடும். எங்கள் மாத்திரை புற்றை அடக்குவதோடு நிற்காது, உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் அடக்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு அம்மை நுரையீரலில் இறங்கும்.

"உள்ள வராதீங்க மேடம்," என்றாள் அம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி. "பாப்பாவுக்கு ஆத்தா போட்டிருக்கா. வெளியாளு வரக் கூடாது."

"காய்ச்சல் அடிச்சா உடனே வாங்கன்னு சொன்னேனே!"

"நோவுன்னா வந்திருக்க மாட்டேனா? இது ஆத்தாங்க. மாத்திரயக்கூட நிறுத்திட்டேன். ஆத்தா எறங்கினதும் மூணு தண்ணி ஊத்திட்டு நானே கூட்டிக்கினு வர்றேன்."

கோபம் தலைக்கேறியது. அவள்மேலா, அம்மன்மேலா, வாய் ஓயாமல் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிட்டு அம்மையைப் பற்றிச் சொல்லாத எங்கள்மேலா, தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தியதுகூடத் தப்பில்லை, நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். கூடவே அம்மைக்கான மருந்தை நரம்பில் ஏற்றியிருப்போம். உள்ளே பிள்ளை இருமியது. வறண்ட, சின்ன இருமல். கத்தினால் கதவு மூடிக்கொள்ளும் என்று புரிந்தது.

செருப்பைக் கழற்றினேன். கோயில் பக்கம் போயே பல வருஷமான நான், அந்த வேப்பிலையைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஆத்தா, புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன். நீயும் கூட வா," என்று கதவுக்குப் பின்னால் நின்றவள் காதில் விழும்படி சொன்னேன். நடிப்புதான். ஆனாலும் கும்பிட்ட கையை உடனே இறக்கவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். பிறகு என் காரின் பின்சீட்டில் வேப்பிலையைப் பரப்பி, பிள்ளையைத் தூக்கிவந்து கிடத்தினாள். ஓயாத வாய் மூடிக் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனவுடனே மருந்து ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். பிள்ளை போய்விட்டது. கடைசியாக எடுத்த ரத்தத்தில் புற்றுநோயின் சுவடுகூட இல்லை.

இப்போது எங்களிடம் வரும் ஒவ்வொரு அம்மாவிடமும், "ஆத்தா வந்தாலும் கூட்டிக்கினு வாங்க, வேப்பிலையோட வாங்க," என்று சொல்கிறோம். சிலர் வருகிறார்கள். அந்தப் படுக்கைகளில் வேப்பிலை கிடந்தால் நர்சுகள் பெருக்கித் தள்ளுவதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளைப் பார்க்கப் போனேன். வாசலில் வேப்பிலை இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். தண்ணி ஊத்தாம வெளிய தூக்கியாந்தேனே, அதனாலயா போச்சு?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல." உண்மை என்பதால் தயங்காமல் சொல்ல முடிந்தது.



"அப்ப, உள்ளயே வெச்சிக்கினு இருந்தேனே, அதனாலயா?"

அதற்கும் அதே குரலில் இல்லை என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்ன எதைத்தான் அவள் நம்பாமல் இருந்தாள்? என் ஆராய்ச்சிக் கட்டுரையில், அந்தக் குழந்தை இறந்ததற்குக் காரணம் சிகிச்சைக்குக் கொண்டுவரத் தாமதமானதுதான் என்று எழுதியிருக்கிறேன். அது இங்கிலீஷில் இருக்கிறது. அவளால் படிக்க முடியாது என்பது மட்டும்தான் எனக்கு மிச்சமிருக்கும் நிம்மதி.