உம்மா இருக்காத கதிரைகள்

நேற்று எங்கள் வீட்டுக்குப் புதுக் கதிரைகள் வந்தன. ரெக்சின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

நான் பிறந்து வளர்ந்த கல்முனை வீடு உம்மாவுடையது. அவருடைய வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. என் வாப்பா அங்கே குடிவந்த மாப்பிள்ளை. மண்டபத்துச் சிவப்பு ரெக்சின் கதிரைகளையும் கண்ணாடி அலுமாரியையும் தினமும் துடைத்து அழகாக வைத்திருந்தது உம்மாதான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்ததெல்லாம் குசினியில், அடுப்படிப் பலகையில்.

ஒருநாள் காய்ச்சலோடு மீன் ஆணம் காய்ச்சி இறக்கிவிட்டு, உம்மா ஒரு கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து வாப்பாவின் தங்கச்சி, என் மாமி, உள்ளே வந்தார்.

“என்ன மச்சி, ஊட்டுக்காரி பட்டப்பகல்ல இப்பிடிப் படுத்தா ஊட்டுல பரக்கத்து, செல்வம் நிக்குமா?”

உம்மா எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனார். மாமி அதே கதிரையில் அமர்ந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் ஏறிக் காலை நீட்டிப் படுத்தேன். வாப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

“எழும்புடி!”

“அவள் படுக்கட்டும்,” என்றார் உம்மா, தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்று. “இது என்ட ஊடு.”

வாப்பாவின் கை இறங்கிவிட்டது. மாமி தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார்.

அவர்களை அடக்க அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு அடி விழப்போகிறது என்றதும் உடனே சொன்னார். தனக்காக, மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை ஒருநாளும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.