நட்சத்திர மீனைத் தொட விடவில்லை

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பம்பாயில், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருந்தோம். எனக்கு இருபது வயது. ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சம்பளம் வாங்குகிற திமிர் கொஞ்சம் உண்டு. பத்து வயதுத் தங்கையின் படிப்பை நானாகவே என் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பள்ளியில் கடல்வாழ் உயிரினங்கள் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சரி, நேரிலேயே காட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் காட்சிசாலைக்கு அழைத்துப் போனேன். தொட்டிகளின் மேலிருந்த பெயர்களை நான் வாசிக்க வேண்டும், அவள் நோட்டில் எழுத வேண்டும். ஆபீஸில் டிக்டேஷன் எடுத்துப் பழகிய புத்தி, வேறென்ன!

அவளோ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மீனுக்கு இமையே இல்லையே, எப்படித் தூங்கும்?"

"அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டா. பேரை எழுதிக்கோடி."

தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து ஒரு நட்சத்திர மீனை எடுத்து உள்ளங்கையில் மல்லாத்தி, "ஆவோ பேட்டி, ஹாத் லகாகே தேகோ" என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதன் அடியில் பொடிப்பொடியாக எத்தனையோ கால்கள் நெளிந்தன. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் வீட்டில் மீன் வாடையே ஆகாது. "சீ! தொட்டுடாதே!" என்று அவள் கையில் பட்டென்று அடித்துவிட்டேன். அந்த மனிதர் அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டார். அதன்பின் தங்கை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொன்னதையெல்லாம் மணிமணியாக எழுதினாள்.

சாயங்காலம் அப்பா ஆசையாக, "என்னடி பார்த்தே?" என்றார்.

நோட்டை அவரிடம் நீட்டினாள். "நான் ஒண்ணும் பார்க்கலைப்பா. அக்கா சொன்னதை எழுதினேன்."

அப்பா சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று அவளைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல என் கௌரவம் விடவில்லை.

பின்னொரு முறை அங்கே போகலாமா என்று நான் கேட்டபோது, வேண்டாம் என்று தலையாட்டினாள். காலேஜில் சயன்ஸ் பக்கமே போகவில்லை, காமர்ஸ் எடுத்தாள். அது என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போன வருஷம்தான் துணிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே அக்கா" என்று சிரித்தாள். அவள் மறந்துவிட்டாள். எனக்கோ, ஆசையாகக் கற்றுக்கொள்ள வந்த குழந்தையைப் படிப்பின் பெயராலேயே விரட்டிவிட்டோமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.